டவர் எவ்வளவு தரும்? ஒரு கணிப்போட கதை

இந்த எபிசோடு ஒரு குற்ற ஒப்புதல்லதான் ஆரம்பிக்குது.

2020 ஆகஸ்ட். எல்லாரும் வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடந்த நேரம். நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. எங்க கம்பெனி ஆன்லைன் கிளாஸ் நடத்துற ஒரு ஆப் பண்ணிக்கிட்டு இருந்தது. அதுல மாணவரோட போனுக்கு எந்தத் தரத்துல வீடியோ அனுப்பணும்னு முடிவு பண்ற பகுதி என் கையில. நான் எழுதினது மொத்தமே நாலு வரி. கடைசி பத்து நொடியில எவ்வளவு டேட்டா போய்ச் சேர்ந்தது? அதோட சராசரி என்ன? அந்தச் சராசரிக்குப் பொருந்துற வீடியோவை அனுப்பு. அவ்வளவுதான். கோட் ரிவ்யூல ஒரு கேள்விகூட வரல.

ஒரு நாள் சப்போர்ட் டீம்ல இருந்து ஒரு கால் ரெக்கார்டிங் அனுப்பினாங்க. பிளஸ் டூ படிக்கிற ஒரு பொண்ணு, மொட்டை மாடியில உட்கார்ந்து கணக்கு கிளாஸ் கேட்குது. "அண்ணா, சிக்னல் ஃபுல்லா காட்டுது. ஆனா சார் பேசுறது விட்டு விட்டு வருது. அவர் ஸ்டெப் சொல்லி முடிச்ச அப்புறம்தான் எனக்குப் பாதி கேக்குது." டாஷ்போர்டைத் திறந்து பார்த்தேன். அந்த போனோட சராசரி வேகம் 1.2 எம்பிபிஎஸ். நாங்க அனுப்பினதும் கிட்டத்தட்ட அதே அளவுதான். கணக்குப்படி எல்லாம் சரி. ஆனா அந்தப் பொண்ணு பொய் சொல்லல.

எங்கே தப்பு நடந்ததுன்னு தேடப் போய்த்தான் இந்த வரலாறு என் கையில கிடைச்சது. மொபைல் நெட்வொர்க்ல அடுத்த நொடி எவ்வளவு வேகம் கிடைக்கும்னு கணிக்க முப்பது வருஷத்துக்கும் மேல பெரிய பெரிய மூளைகள் முட்டி மோதியிருக்கு. நான் அதை நாலு வரியில முடிச்சிருந்தேன்.

கதை போன் இல்லாத இடத்துல ஆரம்பிக்குது. 1986 அக்டோபர், கலிபோர்னியா. லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவுல 400 கஜம் தூரம். நடந்தா அஞ்சு நிமிஷம். அந்த ரெண்டு இடத்துக்கும் இடையிலான இன்டர்நெட் வேகம் திடீர்னு நொடிக்கு 32,000 பிட்ல இருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. நாற்பது பிட்னா நொடிக்கு அஞ்சு எழுத்து. ஒரு நல்ல டைப்பிஸ்ட் அந்த வேகத்துல அடிச்சிடுவார்.

கேபிள் அறுந்துபோகல, மெஷினும் கெட்டுப்போகல. நெரிசல்ல பாக்கெட் தொலைஞ்சதும் ஒவ்வொரு கம்ப்யூட்டரும் "சேரல போல"ன்னு மறுபடி அனுப்பியது. அதனால நெரிசல் இன்னும் கூடியது. உடனே இன்னும் மறுபடி. சின்ன சந்துல ரெண்டு பக்கமும் வண்டி மாட்டிக்கிட்டு எல்லாரும் ஹாரன் அடிச்சுக்கிட்டே முன்னாடி நகர்ற மாதிரி.

அந்த ஆய்வகத்துல இருந்த வான் ஜேக்கப்சன், பெர்க்லியில இருந்த மைக் கேரல்ஸோட சேர்ந்து இதுக்குத் தீர்வு கண்டார். 1988-ல் கட்டுரையா வெளிவந்தது. டிசிபி-யோட நடத்தையை அது மாத்தியது: மெதுவா ஆரம்பி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்து, பாக்கெட் தொலைஞ்சா உடனே குறை. இதை ஒரு வேகக் கணிப்புன்னு நாம பொதுவா நினைக்கிறதில்ல. ஆனா எனக்கு அது கணிப்பாத்தான் படுது. வேகத்தை அளக்காம, சுவர்ல முட்டுற வரைக்கும் நடந்து "சரி, அறை இவ்வளவு நீளம்"னு கண்டுபிடிக்கிற கணிப்பு.

அந்தக் கட்டுரையில ஒரு அனுமானம் வெளிப்படையாவே எழுதப்பட்டிருக்கு. பாக்கெட் ரெண்டு காரணத்தால தொலையலாம்: வழியில கெட்டுப்போகலாம், இல்லன்னா நெரிசல்ல தூக்கி எறியப்படலாம். கெட்டுப்போறது ஒரு சதவீதத்துக்கும் ரொம்பக் குறைவு. அதனால தொலைஞ்சா நெரிசல்னே எடுத்துக்கலாம். கம்பி வழியா ஓடின இன்டர்நெட்டுக்கு இது சரியான முடிவு. கம்பியை எடுத்துட்டா?

காத்துல போற பாக்கெட் நெரிசலே இல்லாமலும் கெட்டுப்போகும். ஒரு சுவரோ, கடந்து போற ஒரு பஸ்ஸோ, உங்க கையோகூடப் போதும். ஆனா டிசிபி-க்கு அது தெரியாது. "ஐயோ, ரோடு நிறைஞ்சிருச்சு"ன்னு பயந்து வேகத்தைக் குறைக்கும். ரோடு காலியா கிடக்கும்.

இதை ஆரம்பத்துலயே கையில எடுத்தவங்கள்ல பெர்க்லிக்காரங்களும் உண்டு. 1995-ல் ஹரி பாலகிருஷ்ணன், ஸ்ரீனிவாசன் சேஷன், இலான் அமீர், ரேண்டி காட்ஸ் நாலு பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஹரி அதுக்கு ரெண்டு வருஷம் முன்னாடிதான் ஐஐடி மெட்ராஸ்ல பி.டெக் முடிச்சிருந்தார். அவங்க யோசனைக்குப் பேர் ஸ்னூப், அதாவது ஒட்டுக்கேட்கிறது. பேஸ் ஸ்டேஷன்ல ஒரு சின்ன புரோகிராம் உட்கார்ந்து, கடந்து போற பாக்கெட்டுக்கெல்லாம் ஒரு காப்பி வெச்சுக்கும். காத்துல ஒண்ணு கெட்டுப்போனா, தூரத்துல இருக்கிற சர்வருக்குத் தெரியாமலேயே தன் காப்பியைக் கொடுத்துடும். ஐபிஎம் திங்க்பேட் லேப்டாப்பும் 486 மெஷினும் வெச்சுப் பண்ணின சோதனையில வேகம் 20 மடங்கு வரைக்கும் கூடியது.

மொபைல் நெட்வொர்க் கட்டினவங்களும் இதே மனநிலையிலதான் போனாங்க. காத்துல கெட்டுப்போனா ரேடியோ அடுக்குலயே மறுபடி அனுப்பிடு, மேல இருக்கிறவங்களுக்குச் சொல்லாதே. அதுக்காக டவர் பக்கத்துல பாக்கெட்டைச் சேர்த்து வைக்கிற பெரிய வரிசைகள் வந்தன. பாக்கெட் தொலையறது கிட்டத்தட்ட நின்னுபோச்சு. பிரச்சினை தீர்ந்ததுன்னு நினைச்சாங்க. இந்த வரிசை ஞாபகம் இருக்கட்டும், பின்னாடி வந்து நம்மைக் கடிக்கும்.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி. 2000-ல் குவால்காம் பொறியாளர்கள் ஒரு சிஸ்டத்தை விவரிச்சாங்க. முதல் பேர் எச்டிஆர், பின்னாடி இவி-டிஓ ஆனது. கொஞ்சம் வயசானவங்களுக்கு யுஎஸ்பி டாங்கிள் ஞாபகம் இருக்கும். நான் ஸ்கூல் படிக்கும்போது எங்க பெரியம்மா பையன் லேப்டாப்ல ஒண்ணு செருகியிருப்பார். பெட்டி மேல "3.1 எம்பிபிஎஸ் வரை"ன்னு போட்டிருக்கும். அந்த "வரை"ங்கிற சொல்லுக்குள்ள ஒரு முழு அறிவியலே ஒளிஞ்சிருக்குன்னு அப்போ எனக்குத் தெரியாது.

அதுல போன்தான் வேகத்தைக் கணிக்கும். டவர்ல இருந்து வர்ற ஒரு அடையாள சிக்னலை அளந்து, "இரைச்சல் இவ்வளவு, சிக்னல் இவ்வளவு, இப்போதைக்கு எனக்கு இந்த வேகத்துல அனுப்பலாம்"னு கேட்கும். ஆரம்பகால வடிவத்துல குறைஞ்சபட்சம் 38.4 கேபிபிஎஸ், அதிகபட்சம் சுமார் 2.4 எம்பிபிஎஸ். இந்தக் கோரிக்கையை நொடிக்கு 600 தடவை அனுப்பும். 1.67 மில்லிசெகண்டுக்கு ஒரு கணிப்பு! நீங்க கண் சிமிட்டி முடிக்கிறதுக்குள்ள பல டஜன் கணிப்பு போயிருக்கும்.

டவர் ஒரு நேரத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் முழு சக்தியோட அனுப்பும். அப்போ யாருக்கு? சிக்னல் நல்லா இருக்கிறவருக்கே கொடுத்தா டவர் மொத்தமா அதிக டேட்டா தள்ளும், ஆனா ஓரத்துல இருக்கிறவர் பட்டினி. எல்லாருக்கும் சமமா நேரம் கொடுத்தா, மோசமான தருணத்துலயும் கொடுத்து நேரம் வீணாகும். இதுக்கு அப்போ குவால்காமோட சேர்ந்து வேலை செஞ்ச டேவிட் சே ஒரு அழகான விதியைக் கொண்டு வந்தார்: யார் தன்னோட சொந்தச் சராசரியை விட இப்போ நல்ல நிலைமையில இருக்காங்களோ, அவங்களுக்குக் கொடு.

ஒரு கணக்கு போடலாம். டவருக்குப் பக்கத்துல இருக்கிற ஒருத்தருக்குச் சராசரி 2 எம்பிபிஎஸ், இப்போ 2.2 வரைக்கும் வாங்க முடியும். விகிதம் 1.1. தூரத்து மொட்டை மாடியில இருக்கிற பொண்ணுக்குச் சராசரி 200 கேபிபிஎஸ், இந்த ஒரு கணத்துல 400 முடியும். விகிதம் 2. இந்தத் தடவை பொண்ணுக்குத்தான். ஒருத்தரோட அலையும் இன்னொருத்தரோட அலையும் ஒரே நேரத்துல உச்சத்துக்கு வராதுங்கிறதைப் பயன்படுத்திக்கிற தந்திரம் இது. இதுக்கு முன்னாடி பொறியாளர்கள் சிக்னல் ஏறி இறங்குறதை ஒரு நோய் மாதிரி பார்த்தாங்க. சே அதை லாபமா மாத்தினார்.

எல்டிஇ-யிலயும் இந்த விதியோட வம்சம்தான் ஓடுது. அங்க டவர் ஒவ்வொரு மில்லிசெகண்டும் புதுசா பங்கு பிரிக்கும். போன் தன் சேனல் எப்படி இருக்குன்னு 0-ல் இருந்து 15 வரைக்கும் ஒரு மார்க் போட்டு அனுப்பும்.

"சிக்னல் ஃபுல்"லுக்கு என்ன அர்த்தம்னு இப்போ புரியுதா? அந்தக் கோடுகள் காட்டுறது சிக்னலோட பலத்தை. உங்களுக்கு எவ்வளவு பங்கு கிடைக்கும்ங்கிறது அதே டவர்ல இன்னும் எத்தனை பேர் கை நீட்டுறாங்கங்கிறதைப் பொறுத்தது. அந்த எண்ணிக்கை போன் திரையில எங்கயும் வராது.

இதுல எனக்கு ஒரு ஆதங்கம் உண்டு. உலகத்துலேயே சிறந்த வேகக் கணிப்பு, மில்லிசெகண்ட் துல்லியத்தோட, உங்க பாக்கெட்டுக்குள்ளேயே நடக்குது. ஆனா அது மோடத்துக்கும் டவருக்கும் நடுவுல பேசி முடிஞ்சிடும். வீடியோ அனுப்புற சர்வர் வேற ஏதோ ஊர்ல, சிலசமயம் வேற கண்டத்துல உட்கார்ந்து, குருடன் யானையைத் தடவுற மாதிரி தடவிக்கிட்டு இருக்கும்.

தடவுறதுக்கும் முறைகள் இருந்தன. பெர்க்லியில ஆராய்ச்சி மாணவரா இருந்த கேசவ் 1991-ல் பாக்கெட் ஜோடி முறையை முன்வெச்சார். ரெண்டு பாக்கெட்டை ஒட்டி ஒட்டி அனுப்பு. குறுகலான இடத்தைக் கடந்து வரும்போது நடுவுல எவ்வளவு இடைவெளி விழுதுன்னு பாரு. 1,500 பைட் பாக்கெட்னா 12,000 பிட். இடைவெளி 1.2 மில்லிசெகண்ட்னா வழியோட வேகம் 10 எம்பிபிஎஸ். கம்பியில ரொம்ப நேர்த்தியான யோசனை. ஆனா மொபைல்ல ரெண்டு பாக்கெட்டும் ஒரே தவணையில ஒண்ணா வந்து இறங்கலாம், அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே வராது. அந்த இடைவெளி சொல்றது டவர் யாருக்கு எப்போ பங்கு வெச்சதுங்கிற கதையை. வழியோட வேகத்தை இல்ல.

சரி, அந்த வரிசைக்கு வருவோம். பாக்கெட் தொலையறது நின்னுபோச்சுன்னு சொன்னேன் இல்லையா? ஆனா டிசிபி-க்குத் தெரிஞ்ச ஒரே எச்சரிக்கை மணி பாக்கெட் தொலையறதுதான். மணி அடிக்கவே இல்லன்னா அது வேகத்தை ஏத்திக்கிட்டே போகும். டவர் பக்கத்து வரிசை நிறையும். உங்க வீடியோ காலோட பாக்கெட் அந்த வரிசைக்குக் கடைசியில போய் நிற்கும். எதுவும் தொலையாது, ஆனா எல்லாம் தாமதமா வரும். இந்த வியாதிக்கு 2010 வாக்குல ஜிம் கெட்டிஸ் வெச்ச பேர் பஃபர்புளோட். பஃபர் வீக்கம்னு சொல்லலாம். தன் வீட்டு இன்டர்நெட் ஏன் இழுக்குதுன்னு நோண்டப் போய்க் கண்டுபிடிச்சார்.

2013-ல் எம்ஐடி-யில மூணு பேர் இதை வேற கோணத்துல அணுகினாங்க. கீத் வின்ஸ்டீன், அனிருத் சிவராமன், அப்புறம் நம்ம ஸ்னூப் ஹரி பாலகிருஷ்ணன், இப்போ பேராசிரியரா. அனிருத்தும் ஐஐடி மெட்ராஸ் பி.டெக்தான். வின்ஸ்டீனைப் பல டெவலப்பர்களுக்கு வேற வழியில தெரியும், மோஷ் எழுதினவர்.

அவங்க முதல்ல அளந்தாங்க. போன் மாட்டின லேப்டாப்போட பாஸ்டன் பக்கம் வண்டி ஓட்டிக்கிட்டே, நாலு வணிக நெட்வொர்க்ல லிங்க்கை எப்பவும் நிரம்பியே வெச்சு, ஒவ்வொரு பாக்கெட்டும் எந்த நேரத்துல வந்து சேருதுன்னு பதிவு பண்ணினாங்க. சில நொடிகளுக்குள்ளேயே வேகம் பல மடங்கு ஏறி இறங்கியது. நடுநடுவுல சுத்தமா எதுவும் வராத ஓட்டைகளும் இருந்தன.

இந்த வேகத்துக்கு ஒரே ஒரு எண்ணைக் கணிச்சு என்ன பிரயோஜனம்? அதனால அவங்க ஸ்பிரவுட்னு ஒரு முறையை எழுதினாங்க. வாங்குற பக்கம் 20 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை எவ்வளவு வந்ததுன்னு எண்ணும். உண்மையான வேகம் இதுன்னு சொல்லாம, 256 சாத்தியமான வேகங்கள்ல ஒவ்வொண்ணுக்கும் எவ்வளவு வாய்ப்புன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கும். நேரம் போகப்போக நிச்சயமின்மை விரியும், புதுசா எண்ணும்போது சுருங்கும். அதுல இருந்து அனுப்புறவருக்கு ஒரு முன்னறிவிப்பு போகும்: அடுத்த 160 மில்லிசெகண்டுல, 95 சதவீத நம்பிக்கையோட, குறைஞ்சது இவ்வளவு பாக்கெட் வெளியே போகும். அனுப்புறவர் 100 மில்லிசெகண்டுக்குள்ள வரிசை காலியாகுற அளவுக்கு மட்டும் அனுப்புவார்.

கேள்வி மாறிடுச்சு, கவனிச்சீங்களா? "எவ்வளவு கிடைக்கும்?"ங்கிறது போய், "எவ்வளவுக்குக் குறையாம கிடைக்கும்னு தைரியமா சொல்ல முடியும்?"னு ஆயிடுச்சு. அந்த வரியைப் படிச்சபோது நான் நாற்காலியில நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பதிவு பண்ணின அந்த நாலு நெட்வொர்க்லயும் ஓட்டிப் பார்த்தாங்க. அன்னைக்கு இருந்த ஸ்கைப்போட ஒப்பிட்டா, தன்னால உண்டான தாமதம் சராசரியா 7.9-ல் ஒரு பங்கா குறைஞ்சது. அதே நேரம் வேகமும் 2.2 மடங்கு. பயந்து அனுப்பினா வேகம் போயிடும்னு நாம நினைப்போம். வரிசை வீங்காததால ரெண்டுமே கிடைச்சது.

அதே கட்டுரையில ஸ்பிரவுட்-இடபிள்யூஎம்ஏன்னு ஒரு எளிய தம்பியும் இருக்கு. நிகழ்தகவுப் பட்டியல் எல்லாம் கிடையாது, நகரும் சராசரி மட்டும். அதுக்கு அதிக வேகம் கிடைச்சது, தாமதமும் அதிகமாச்சு. என் நாலு வரி கோடோட தூரத்துச் சொந்தம்னு வெச்சுக்கோங்க. சராசரியே தப்புன்னு சொல்ல வரல. ஃபைல் டவுன்லோடுக்கு அது போதும், கணக்கு வாத்தியார் குரலுக்குப் போதாது.

அதே வருஷம் எம்ஐடி-யில 40 பேர் படிச்ச ஒரு நெட்வொர்க்கிங் வகுப்புல இதையே போட்டியா வெச்சாங்க, மாணவர்களே புது முறைகள் எழுதிப் போட்டி போட. எங்க காலேஜ்ல இதே பாடத்துக்கு டிசிபி ஹெட்டரைப் படம் வரையச் சொன்னாங்க. சரி, விடுங்க.

2016-ல் பழைய ஆள் திரும்பி வந்தார். கூகுள்ல நீல் கார்ட்வெல், யூசுங் செங் இவங்களோட சேர்ந்து வான் ஜேக்கப்சன் பிபிஆர் முறையை வெளியிட்டார். பாக்கெட் தொலையறதைப் பார்க்காம, ரெண்டே விஷயத்தைத் தொடர்ந்து கணிக்கிறது அது: சமீபத்துல கிடைச்ச அதிகபட்ச வேகம், சமீபத்துல பார்த்த குறைஞ்சபட்ச தாமதம். ரெண்டையும் பெருக்கினா வழியில ஒரு நேரத்துல எவ்வளவு டேட்டா இருக்கலாம்னு வந்துடும். இப்படி இயங்குறதுதான் சிறந்த புள்ளின்னு 1979-லேயே லெனார்ட் கிளைன்ராக் காட்டியிருந்தார். ஒவ்வொருத்தரும் தனித்தனியா முயற்சி பண்ணி அந்தப் புள்ளிக்குப் போக முடியாதுன்னு 1981-ல் ஜெஃப்ரி ஜாஃபி நிரூபிச்சதா எல்லாரும் எடுத்துக்கிட்டு, அந்தப் பாதையையே விட்டுட்டாங்க. தொலைஞ்சா நெரிசல்னு 1988-ல் எழுதின அதே மனுஷன், மெமரி கிலோபைட்ல இருந்து கிகாபைட்டுக்கு வளர்ந்த அப்புறம் அந்தத் தொடர்பு நிலைக்கலன்னு 28 வருஷம் கழிச்சு எழுதினார். பிபிஆர் குறையில்லாதது இல்ல. சின்ன பஃபர் இருக்கிற இடத்துல பழைய டிசிபி-யை அது நசுக்குதுன்னு விமர்சனம் வந்து, அடுத்தடுத்த பதிப்புகள் வந்தன.

ஒரு சின்ன கிளைக்கதை. 2014-ல் ஸ்டான்ஃபோர்டும் நெட்ஃபிளிக்ஸும் சேர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. வேகத்தைக் கணிக்கிறதையே பெரும்பாலும் விட்டுட்டு, போன்ல இன்னும் எத்தனை நொடி வீடியோ கையிருப்புல இருக்குன்னு மட்டும் பார்த்துத் தரத்தை முடிவு பண்ணினா என்ன? அண்டாவுல எவ்வளவு தண்ணி இருக்குன்னு பார்த்துக் குளிக்கிற மாதிரி, குழாய்ல என்ன வேகத்துல வருதுன்னு கவலைப்படாம. வீடியோ நின்னு நின்னு ஓடுறது நெட்ஃபிளிக்ஸோட அன்றைய முறையை விட 10-ல் இருந்து 20 சதவீதம் குறைஞ்சது. சினிமாவுக்கு அற்புதமான யோசனை. நேரலைக்கு அண்டாவே கிடையாது. வாத்தியார் இன்னும் பேசாத வாக்கியத்தை எங்கே சேர்த்து வைக்கிறது?

அந்தப் பொண்ணோட பதிவுக்குத் திரும்புறேன். சராசரியை உடைச்சு, 100 மில்லிசெகண்ட் துண்டுகளா வெட்டிப் பார்த்தேன். ஒரு நொடியில பத்துத் துண்டு. ஏழு துண்டுல ஒண்ணுமே இல்ல. மீதி மூணுல மொத்தமா 150 கிலோபைட் கொட்டியிருக்கு. 150 கிலோபைட்னா 1.2 மெகாபிட். சராசரி சுத்தமா சரி! இன்னொரு இடத்துல ஒரு முழு நொடி பூஜ்ஜியம், அடுத்த நொடியில அந்தப் பாக்கியும் சேர்ந்து வந்திருக்கு. அவளுக்கு வர்ற அளவுக்கே விளிம்பு வரைக்கும் நான் வீடியோவை நிரப்பிட்டு இருந்தேன். ஒவ்வொரு ஓட்டைக்கு அப்புறமும் குரல் அந்த வீடியோ வரிசைக்குப் பின்னாடி நின்னு வந்திருக்கு.

ஸ்பிரவுட்டை அப்படியே எடுத்துப் போடல. அது ஒரு போனுக்குத் தனி வரிசை இருக்கும்ங்கிற நம்பிக்கையில எழுதப்பட்டது, எங்க சர்வர் அமைப்புக்கும் பொருந்தல. ரெண்டு மாற்றம் மட்டும் பண்ணினேன். பத்து நொடிச் சராசரிக்குப் பதிலா, அந்தப் பத்து நொடிகள்ல ரெண்டாவது குறைஞ்ச நொடியை எடுத்துக்கிட்டேன். குரலுக்கு முதல்ல இடம் ஒதுக்கிட்டு, மிச்சம் இருந்தாத்தான் வீடியோ. அவளோட போனுக்குக் கணிப்பு 1.2 எம்பிபிஎஸ்ல இருந்து சுமார் 200 கேபிபிஎஸ்ஸா இறங்கியது. டாஷ்போர்டுல எல்லாருக்கும் சராசரி வீடியோ தரம் குறைஞ்சது. அடுத்த வார மீட்டிங்ல மேனேஜர் அந்த கிராஃபைக் காட்டி, "என்னப்பா, உன் மாற்றத்துக்கு அப்புறம் குவாலிட்டி விழுந்திருக்கே?"ன்னு கேட்டார். நான் சப்போர்ட் டீமோட புகார்ப் பட்டியலைத் திறந்தேன். குரல் விட்டு விட்டு வருதுங்கிற புகார் அந்த வாரம் பாதிக்கும் கீழ வந்திருந்தது. அவர் ரெண்டு கிராஃபையும் கொஞ்ச நேரம் மாத்தி மாத்திப் பார்த்துட்டு, "சரி, இருக்கட்டும்"னார்.

அந்தப் பொண்ணுகிட்ட சப்போர்ட் டீம் திரும்பப் பேசினபோது, இப்போ போர்டு கொஞ்சம் மங்கலா தெரியுதுன்னு சொல்லியிருக்கு. சார் பேசுறது கேக்குதாம்.